ஆலய வாயிலும் படைக்கலமும்

பலரும் கூடும் இடத்திற்குட் படைக்கலத்தோடு புகுவதற்கு அவ்விடத்தாரின் இசைவு வேண்டுமோ என்பது இக்காலத்தில் மட்டும் எழுந்த வினாவன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்துள் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் அடியார் வேடந் தாங்கி, சுவடிக் கட்டினுட் படையை மறைத்துக் கோவலூர் அரண்மனையுட் புகுந்தான். காவலர் இசைந்தது அடியார் வரவிற்கே, மறைந்திருந்த படைக்கன்று.

1959 செப்டெம்பர் 25 ஆம் நாள் கொழும்பு ரோஸ்மீட் பிளேசிலும் இத்தகையதே நிகழ்ந்தது. பொதுமக்களைத் தம் இல்லத்திலேயே கண்டு பேசும் வழக்கமுடைய பிரதமர் பண்டாரநாயக்காவை, காவியுடையில் வந்த சோமராம தேரர் மறைத்துவைத்த கைத்துப்பாக்கியாற் சுட்டார். பிரதமர் மறுநாள் உயிர்நீத்தார்.

கொட்டாஞ்சேனைக்கும் இத்துயரம் உரியதாயிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தில், 2008 சனவரி 1 ஆம் நாள், வழிபட வந்த பாராளுமன்ற உறுப்பினர் தி. மகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்து சமய அலுவல்கள் அமைச்சராக விளங்கியவர் ஆலயத்திலேயே வீழ்ந்தமை சைவ உலகை நடுங்கச் செய்தது.

1915 ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட 33 ஆம் இலக்கச் சுடுகலக் கட்டளைச் சட்டம், துப்பாக்கி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென விதித்தது. ஆயினும் அப்பத்திரம் அரசு ஒருவருக்கு அளிக்கும் இசைவேயாகும். இடத்திற்கு உரியோர் அளிக்கும் இசைவு அதனின் வேறானது. முன்னையது இருப்பதனாற் பின்னையது வேண்டாததாகி விடாது.

கொல்லத் துணிந்தவன் இசைவு கேட்பானோ எனின், கேளான். மெய்காவலரும் படை தாங்கியன்றோ வருகின்றனர் எனின், அதுவும் உண்மையே. ஆனால் மெய்காவலரின் படை அறிவித்துக் கொணரத் தக்கது. கொலைஞனின் படையோ மறைத்தே கொணரப்படுவது. இசைவு வேண்டுமென்னும் நியதி இருப்பின், வாயில் காப்போன் வருவோரை வினவும் உரிமை பெறுவான், மறைத்தமையே குற்றமாகும்.

இதனாற் சிறிது இழப்பும் உண்டு. 1948 சனவரி 20 ஆம் நாள் தில்லிப் பிரார்த்தனைக் கூட்டத்திற் குண்டு வெடித்த பின்னரும், வழிபட வருவோரைச் சோதித்தல் தகாதென்று காந்தியடிகள் மறுத்தார். பத்தாம் நாள் சுடப்பட்டார். அவர் மறுத்தது தம் உயிரைக் காக்கும் ஏற்பாட்டினை. ஆலய அறங்காவலரோ பிறர் உயிர்க்குப் பொறுப்புடையர். அவர் அவ்வாறு மறுத்தல் பொருந்தாது. 2019 ஏப்ரில் 21 ஆம் நாள் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திற் குண்டு வெடித்த பின்னர், வழிபாட்டிடங்களின் வாயிலிற் பைகளைச் சோதிப்பதை மக்கள் பொறுமையோடு ஏற்றனர்.

கொட்டாஞ்சேனையாயினும் வெள்ளவத்தையாயினும், ஆலயக் கதவு அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். அத்திறப்பு அடியார்க்கு உரியது. அவர் மறைத்துக் கொணரும் படைக்கும் உரியதெனக் கொள்ளுதல் தவறாகும்.