பெரும்பாடும் கருப்பைக் கட்டியும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களும் ஹார்மோன் சிகிச்சையும்

மாதவிடாயின்போது அளவுக்கு மிஞ்சி இரத்தம் போவதைப் பெரும்பாடு என்று தமிழ் வைத்தியம் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. அந்தப் பெயரிலேயே பாடு இருக்கிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில், பெரும்பாலும் 40-க்கும் 55-க்கும் இடைப்பட்ட வயதில், இது அதிகம் காணப்படுகிறது. நிற்கப்போகிற நேரத்தில் அப்படித்தான் கொட்டும் என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொள்வது தோட்டத்துக் குடும்பங்களில் பழகிப்போன ஒன்று. அந்தச் சொல்லில் பாதிதான் உண்மை.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான், ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன், பாகாவ் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்கள் விடியுமுன் பெரட்டு என்ற வேலைக்கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் வெட்டி வந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் உதிரிப்பழம் பொறுக்குவதும், உரம் போடுவதும், களைக்கொல்லி மருந்து அடிப்பதும் அவர்கள் வேலையாயின. லாபு, நீலாய் பக்கத்துத் தோட்ட நிலங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகள். காட்டு வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி. ஆனாலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ஐம்பதை நெருங்கும் பெண்கள் அந்தப் பழைய பொறுமையைத் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கும் கொண்டு வந்திருக்கிறார்கள்.

தோட்டத்து மர நிரைக்குள் கழிப்பறை கிடையாது. துணி மாற்ற வேண்டுமானால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு நடக்க வேண்டும். நாள்கூலிக்காரிக்கு அந்த நடையே நட்டம். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தருகிறது. மருத்துவமனையில் படுத்தால் 60 நாள்வரை தனி. ஆனால் மருத்துவரிடம் போய் எம்.சி. என்ற மருத்துவச் சான்று வாங்கினால்தான் அந்த விடுப்பு. மாதவிடாய்க்காக டாக்டரிடம் போவதா என்று தயங்குகிறவருக்குச் சட்டம் தந்த உரிமையும் கைக்கு வருவதில்லை.

இரத்தம் ஏன் இப்படிப் போகிறது? ஒவ்வொரு மாதமும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வை வளர்க்கிறது. கருமுட்டை வெளிப்பட்டபின் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது. வயது ஏற ஏறச் சில மாதங்களில் முட்டை வெளிப்படுவதில்லை. ஆகவே கடிவாளமும் இல்லை. சவ்வு தடித்துக்கொண்டே போய், இரண்டு மூன்று மாதம் நின்று, பிறகு ஒரேயடியாகக் கொட்டுகிறது.

இதோடு கட்டியும் சேரலாம். கருப்பைத் தசையில் வளரும் பைப்ராய்டு புற்றுநோய் அல்ல. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, 50 வயதுக்குள் வெள்ளைக்காரப் பெண்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கும் இது இருந்தது. பலருக்கு எந்தத் தொல்லையும் தராது. உள்சவ்வை ஒட்டிப் புடைத்து நிற்கும் கட்டி நெல்லிக்காய் அளவாக இருந்தாலும் இரத்தத்தைக் கொட்டவைக்கும். வெளிப்புறமாக வளர்வது தேங்காய் அளவானாலும் சும்மா இருக்கக்கூடும். சொல் ஒன்றாக இருப்பதாலும் குழப்பம் வருகிறது. கட்டி கட்டியாகப் போகிறது என்று பெண்கள் சொல்வது உறைந்த இரத்தத்தை. பைப்ராய்டு அப்படிக் கரைந்து வெளியே வருவதில்லை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் அதற்குத் தீனி. அவை அடங்கியதும், மாதவிடாய் நின்றபின், அது பொதுவாகச் சுருங்கத் தொடங்கும். ஹார்மோன் சிகிச்சை முழுவதும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது: மாதவிடாய் தானாக நிற்கும் கரைவரை ஒரு பாலம் போட்டுக் கொடுப்பது.

பாலம் போடுமுன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், 45 வயதைத் தாண்டியவருக்கு உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது ஆகியவை அடிப்படை. உடற்பருமனும் நீரிழிவும் கருப்பை உள்சவ்வுப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுவதால், இவை உள்ளவர் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. சிரம்பானில் துவாங்கு ஜாபார் மருத்துவமனையும் கோலப்பிலாவில் துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனையும் இருக்கின்றன.

மலேசியாவில் பலருக்கும் பழக்கமான ஹார்மோன் மருந்து நோரெத்திஸ்டிரோன். பிரிமோலட் என் என்ற பெயரில் அறியப்படுவது. 5 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை, பத்து நாள் கொடுத்தால் கொட்டும் இரத்தம் பெரும்பாலும் ஓரிரு நாளில் கட்டுப்படும். நிறுத்தியதும் சில நாளில் மாதவிடாய்போல் ஒரு போக்கு வரும். மருந்து பலிக்கவில்லை என்று அதை எண்ணக்கூடாது. கால் இரத்தநாளத்தில் இரத்தம் உறைந்தவர், மார்பகப் புற்றுநோய் கண்டவர், கல்லீரல் நோயாளி ஆகியோர் இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

மாத்திரையைவிட நன்றாக உதவுவது, லெவோநோர்ஜெஸ்ட்ரல் கசியும் கருப்பைச் சாதனம். பின்லாந்தில் உருவாகி 1990-இல் அங்கே விற்பனைக்கு வந்த மிரேனாவில் 52 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. தொடக்கத்தில் நாளுக்கு 20 மைக்ரோகிராம் கசிகிறது. மருந்து கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் உடம்பில் பரவுவது சொற்பம். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமையிழந்து எடுத்துவிடுகிறார்கள். பொறுத்தவருக்கு இரத்தப்போக்கு 90 விழுக்காடுவரை குறையலாம். சிலருக்கு அடியோடு நின்றுவிடும். கெட்ட இரத்தம் உள்ளேயே தங்கிவிடுமே என்ற பயம் அப்போது எழுகிறது. சவ்வு மெலிந்துவிட்டதால் வெளியேற எதுவும் சேர்வதில்லை என்பதை யாராவது உட்கார்ந்து தமிழில் விளக்கினால் அந்தப் பயம் போகும். ஆனால் பைப்ராய்டு கருப்பையின் உள்வடிவத்தையே கோணலாக்கியிருந்தால் இந்தச் சாதனம் பொருந்தாது, நழுவியும் விழலாம்.

பெரிய கட்டிக்கு வேறு வழி உண்டு. லியூப்ரோலைடு, கோசெரலின் போன்ற மாத ஊசிகள் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் கட்டளையை அடைத்து, தற்காலிகமாக மாதவிடாயை நிறுத்துகின்றன. மூன்று மாதத்தில் கட்டி பாதியளவுகூடச் சுருங்கும். விலையாக உடல் தகிப்பும் எலும்புத் தேய்வும் வருவதால் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தனியாகத் தருவதில்லை. நிறுத்தினால் கட்டி மறுபடியும் வளரும். அறுவைக்குமுன் இரத்தத்தைத் தேற்றிக்கொள்ளவும், நிற்கும் வயதின் விளிம்பில் இருப்பவருக்கும் இது உதவும். அதே கட்டளையைத் தடுக்கும் எலகோலிக்ஸ், ரெலுகோலிக்ஸ் கலவை மாத்திரைகள் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஐரோப்பாவில் 2012 முதல் நம்பிக்கையூட்டிய மற்றொரு கட்டி மாத்திரையான யூலிப்ரிஸ்டல், சிலருக்குக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கியதால் 2021-இல் இறுக்கமான கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

ஹார்மோன் என்ற ஒரே சொல் இரண்டு வேறு சிகிச்சைகளைக் குறிப்பதும் தொல்லைதான். உடல் தகிப்புக்குத் தரும் மாற்று ஹார்மோனில் ஈஸ்ட்ரோஜன் உண்டு. அது கட்டியை வளர்க்கவும் இரத்தத்தைத் தூண்டவும் கூடும். பெரும்பாட்டுக்குத் தருவது பெரும்பாலும் புரோஜெஸ்ட்ரோன் வகை. எது தரப்படுகிறது என்று கேட்டுக்கொள்வது நோயாளியின் உரிமை.

ஹார்மோனே வேண்டாதவருக்கு டிரானெக்சாமிக் அமிலம் இருக்கிறது. உதாகோ ஒக்காமோதோ என்ற ஜப்பானியப் பெண் விஞ்ஞானி, கணவர் ஷோசுகேயோடு சேர்ந்து 1962-இல் உலகுக்குத் தந்த மருந்து அது. போக்கு மிகுந்த நாள்களில் மட்டும் எடுத்தால் போதும். இத்தனைக்கும் அடங்காவிட்டால் கட்டியை மட்டும் அகற்றலாம். கருப்பையையே எடுப்பது கடைசி வழி.

கண்ணில் படாமல் உடம்பைத் தின்பது இரத்தசோகை. 2019-இல் நடந்த மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின்படி, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூவருக்கு அது இருந்தது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் சோகை. படியேறினால் மூச்சு வாங்குவதையும் நெஞ்சு படபடப்பதையும் வயசாச்சு என்று தள்ளிவிடக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது பாதி மருந்தைக் கீழே கொட்டுவதற்குச் சமம். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்து, தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலும், ஏழு நாளுக்கு மேல் போனாலும் உடனே கிளினிக்குக்குப் போங்கள். பன்னிரண்டு மாதம் நின்றபின் ஒரு துளி பட்டாலும் தீட்டு திரும்பிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அந்த வாரத்திலேயே காட்டிவிடுங்கள்.