உயிர் காக்கும் சிறு குழாய்

விரைந்து செல்லும் மோட்டார் வண்டியைக் கண்டு வியப்போர் பலர். அதனை நிறுத்துவது யாதென ஆராய்வோர் சிலரே. சாரதியின் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே, பென்சிலினும் மெல்லிய குழாயொன்று வண்டியின் அடியில் வளைந்து வளைந்து செல்கின்றது. வண்டியிலுள்ளோர் உயிர் அதனை நம்பியிருக்கின்றது.

ஆதியில் இக்குழாய் இருக்கவில்லை. இரும்புக் கோல்களும் கம்பி வடங்களுமே பிறேக் மிதியைச் சக்கரங்களோடு இணைத்தன. ஒரு கோல் சற்றுத் தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுபடும். இக்குறையை நீக்கும் வழியைப் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் 17ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருந்தார். அடைபட்ட திரவத்தில் ஏற்படும் அமுக்கம் எத்திசையிலும் குறையாது பரவும் என்பது அவர் கண்ட உண்மை.

அவ்வுண்மையை வண்டியிற் பொருத்தியவர் மல்கம் லொக்கீட் என்னும் அமெரிக்கர். 1921இல் டியூசென்பேர்க் வண்டி நான்கு சக்கரங்களிலும் திரவ பிறேக் கொண்டு வெளிவந்தது. லொக்கீட் அமைத்த தோல் அடைப்புகள் கசிந்தன. கிறைஸ்லரின் பொறியியலாளர் அவற்றுக்குப் பதிலாக இறப்பரைப் புகுத்தி, 1924இல் தம் வண்டியிற் பொருத்தினர். ஹென்றி போட் நிறுவனமோ 1939ஆம் ஆண்டு மாதிரி வரை கோல்களையும் வடங்களையும் கைவிடவில்லை. திரவ பிறேக்கை ஐயுறக் காரணமும் இருந்தது. அக்காலத்தில் குழாயின் ஓரிடம் உடைந்தாலும் திரவம் முழுவதும் வெளியேறும். நான்கு சக்கரங்களும் ஒருங்கே தடையிழக்கும்.

ஆகவே குழாயை எதனாற் செய்வது என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று. செம்பு எளிதில் வளையும். ஆனால் ஓயாத அதிர்வினால் இறுகி வெடிக்கும். டிட்ரொயிற் நகரின் பண்டி தொழிற்சாலை, செம்பு பூசிய உருக்குத் தகட்டை இருமடியாகச் சுருட்டிச் சூளையிற் காய்ச்சி ஒட்டவைத்த குழாயை ஆக்கியது. அதன் வலிமையிற் குறையில்லை. பகையாய் வந்தது துருவே. குளிர்நாடுகளிற் பனியை உருக்கத் தெருவில் உப்பிடுவர். அவ்வுப்பு அடிப்பாகத்திற் படிந்து, சாரதி அறியாமலே குழாயை அரிக்கும்.

இவ்விடருக்கு இரு விடைகள் கிடைத்தன. ஒன்று, திரவ வழியை இரண்டாகப் பிரித்தல். ஒரு வழி உடைந்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும். 1968 முதல் அமெரிக்கச் சட்டம் இதனைப் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. மற்றது, துருப்பிடியாத கலப்புலோகம். செம்பும் நிக்கலும் கலந்த குழாயைச் சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனம் 1976இற் கைக்கொண்டது.

எனினும் உருக்குக் குழாய் மறைந்துவிடவில்லை. ஏறத்தாழ 50 இலட்சம் வண்டிகளின் குழாய் அரிப்பைப் பற்றிய விசாரணையை அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2015இல் முடித்தது. வண்டிகளைத் திருப்பியழைக்க அது கட்டளையிடவில்லை. முதுமையும் உப்புமே காரணமென்று கூறி, அடிப்பாகத்தைக் கழுவவும், செதிலெழுந்த குழாய்களை முழுமையாக மாற்றவும் அறிவுறுத்தியது.

மாற்றுவதற்கு வழி இரண்டு. பழைய வடிவத்திலேயே இயந்திரத்தால் வளைத்த குழாயை வாங்கலாம். அது உரிய கௌவிகளில் நேரே பொருந்தும். அது கிடையாத பழைய வண்டிக்குத் தொழிலாளியின் கையே துணை. கழற்றிய குழாயை அளவாக வைத்து, பள்ளமிட்ட உருளையிற் புதியதைச் சிறிது சிறிதாக வளைப்பான். திடீரென மடித்தால் குழாய் நசுங்கும். திருகு மூடியைக் கோத்த பின்னரே முனையை விரிப்பான். கோக்க மறந்தால் விரித்த முனையை வெட்டி எறியவேண்டும். விளிம்பை இருமடியாக மடிப்பான். ஒற்றை மடிப்பு பிளக்கக்கூடும். ஈற்றில் உள்ளிருக்கும் காற்று முழுவதையும் வெளியேற்றுவான். காற்று சுருங்கும் தன்மையது. அது குழாயில் நின்றால் மிதி தாழும், சக்கரம் நில்லாது.

பஸ்கால் கண்ட விதி என்றும் பொய்ப்பதில்லை. ஆனால் அது அடைபட்ட திரவத்துக்கே பொருந்தும். குழாயில் ஊசித்துளை விழுந்தால் விதியும் பயன்படாது. ஆகவே குழாயை வளைப்பவனின் பொறுமையும், அதனை அடிக்கடி குனிந்து பார்ப்பவனின் கவனமும் அவ்விதியைப் போலவே உயிர் காப்பன.