‘மேகசின்’: ஒரு சொல்லின் பயணம்

விழுப்புரம் ரயில் சந்திப்பில் வார இதழ் வாங்குபவர் அதனை ‘மேகசின்’ என்கிறார். துப்பாக்கியில் தோட்டாக்கள் அடுக்கப்படும் பகுதியையும் வெடிமருந்துக் கிடங்கையும் ஆங்கிலம் இதே சொல்லால்தான் குறிக்கிறது. இதழுக்கும் தோட்டாவுக்கும் என்ன உறவு?

விடை அரபு மொழியில் உள்ளது. ‘கஸன’ என்பதற்குச் ‘சேமித்து வைத்தான்’ என்பது பொருள். சேமிக்கும் இடம் ‘மக்ஸன்’. அதன் பன்மை ‘மகாஸின்’. மத்தியதரைக் கடல் வணிகத்தின் வழியே இத்தாலிக்கும் பிரான்சுக்கும் சென்ற இச்சொல், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. நாம் வழங்கும் ‘கஜானா’வும் இதே வேரில் கிளைத்ததே.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள செஞ்சிக் கோட்டையில் இச்சொல்லின் முதற்பொருளைக் கண்ணாரக் காணலாம். அங்குள்ள தானியக் களஞ்சியங்கள் இன்றும் காண்போரை வியக்கவைக்கின்றன. பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபு என ஆட்சிகள் மாறிய அக்கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். பாரசீகத்தில் ‘மக்ஸன்’, பிரெஞ்சில் ‘மகஸேன்’, ஆங்கிலத்தில் ‘மேகசின்’. கொடிகள் மாறினும் கிடங்கின் பெயர் ஒரே குடும்பத்தினின்று விலகவில்லை.

1731இல் எட்வர்ட் கேவ் லண்டனில் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ என்னும் இதழைத் தொடங்கினார். பருவ இதழ் என்னும் பொருள் அதன்பின் பரவியது. எனினும், நூலைக் கருவூலமாகக் காணும் பார்வை அதனினும் பழமையானது. 12ஆம் நூற்றாண்டிலேயே பாரசீகக் கவிஞர் நிஸாமி தம் காவியத்திற்கு ‘மக்ஸனுல் அஸ்ரார்’ (இரகசியங்களின் கருவூலம்) எனப் பெயர் சூட்டினார். 1901இல் ஷேக் அப்துல் காதிர் லாகூரில் தொடங்கிய உருது இதழின் பெயரும் ‘மக்ஸன்’தான். இக்பாலின் தொடக்ககாலக் கவிதைகள் அதில் வெளிவந்தன. தமிழும் இவ்வழியே சிந்தித்தது. நெல் சேர்த்த களஞ்சியத்தின் பெயர், 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத்திற்கும், பின்னர் அப்துற் றஹீம் தொகுத்த இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்திற்கும் ஆகிவந்தது.

யூசுப் நபி (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டதைக் கூறும் திருக்குர்ஆன், ‘கஸாயின்’ என்னும் இவ்வேர்ச் சொல்லையே ஆள்கிறது. செழிப்பான ஆண்டுகளில் சேர்த்த தானியம் பஞ்ச காலத்தில் மக்களின் பசி தீர்த்தது. பழைய இதழ்களைக் கட்டிச் சேர்த்து அலமாரியில் பூட்டிவைக்கும் நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அவை இளந்தலைமுறையின் கைக்குச் சேரும்போதே நம் சேமிப்பும் களஞ்சியம் என்னும் பெயருக்கு உரியதாகும்.