பை மாற்றக் கற்றுக்கொடுத்தவர்கள்

மலக்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் ஆண்களின் பெயர்களால் ஆனது. 1908இல் லண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ், மலக்குடலையும் சுற்றியுள்ள திசுக்களையும் முழுவதுமாக அகற்றும் முறையை வெளியிட்டார். குடலின் முனையை வயிற்றில் திறந்துவிடும் நிரந்தரக் கொலாஸ்டமி அதன் ஒரு பகுதி. பிழைத்து வீடு திரும்பியவர், தன் விருப்பமின்றி வெளியேறும் மலத்தோடு எப்படி வாழ்வது? அந்த வரலாறு இதற்குப் பதில் சொல்லவில்லை. துணியும் இடுப்பில் கட்டும் ரப்பர்ப் பையும்தான் கிடைத்தன. கூடவே கசிவு, நாற்றம், வெந்த தோல். பதில் வேறு கைகளிலிருந்து வந்தது.

1954இல் டென்மார்க் செவிலியர் எலீஸ் சோரன்சன், ஆஸ்டமிக்குப் பிறகு வெளியே செல்லவே அஞ்சிய தன் சகோதரி தோராவுக்காக, தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை யோசித்தார். பிளாஸ்டிக் பொருள்கள் தயாரித்த ஆகெ லூயிஸ்-ஹான்சன் முதலில் தயங்கினார். செவிலியப் பயிற்சி பெற்ற அவருடைய மனைவி யோஹானே வற்புறுத்திய பிறகே பை உருவானது.

பை மட்டும் போதாது, அதைக் கையாளக் கற்க வேண்டும். அமெரிக்காவின் ஆக்ரன் நகரைச் சேர்ந்த நார்மா கில், புற்றுநோயால் கொலாஸ்டமி செய்யப்பட்ட தன் பாட்டியைப் பராமரித்தவர். 1954இல் குடல் அழற்சி நோய்க்காக அவருக்கே இலியாஸ்டமி செய்யப்பட்டது. உடல் தேறியதும் மற்ற நோயாளிகளைத் தேடிப்போய்க் கற்றுக்கொடுத்தார். 1958இல் அவரது அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் அவரைக் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் பணியில் அமர்த்தினார். 1961இல் இருவரும் அங்கே இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். நார்மா செவிலியர் அல்லர். அவருடைய தகுதி அவர் வாழ்ந்த உடல்.

இன்றும் அந்தப் பாடம் எளியதுதான். ஸ்டோமா சிவந்து ஈரமாக இருக்கும். அதில் வலி உணரும் நரம்புகள் இல்லை, தொடப் பயப்பட வேண்டாம். கறுத்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். ஸ்டோமாவை அளந்து, ஒட்டுத்தகட்டின் துளையை அதற்குப் பொருத்தமாக வெட்ட வேண்டும். துளை பெரிதானால் மலம் பட்டுத் தோல் புண்ணாகும். வெதுவெதுப்பான நீரால் துடைத்துத் தோலை நன்றாக உலர்த்திய பிறகே ஒட்ட வேண்டும். முதலில் பார்க்க வேண்டும், பிறகு தொட வேண்டும், பிறகு தானே செய்ய வேண்டும். பலருக்கும் முதல் படியே கடினம்.

இந்தப் பாடத்தை யாருக்குக் கற்பிக்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. கணவருக்கு ஸ்டோமா என்றால் மனைவியை அழைத்துக் காட்டுவது நம்மிடையே இயல்பாகத் தோன்றுகிறது. மனைவிக்கு ஸ்டோமா என்றால் கணவரை அப்படி அழைக்கிறோமா? குழந்தையின் மலம் முதல் முதியோரின் மலம் வரை பெண்ணின் வேலை என்று வைத்த சமூகம், அவள் உடலே பிறர் உதவியைக் கேட்கும்போது அதை அருவருப்பு என்கிறது. நோயாளியின் கையிலேயே பையைக் கொடுப்பது இரண்டையும் மாற்றுகிறது: ஆண் தன் கழிவுக்குத் தானே பொறுப்பாகிறான்; பெண் கூச்சமின்றித் தன் உடலை மீட்கிறாள்.

ஆனால் இந்த வரலாற்றில் ஒரு முரணும் உண்டு. 1970களில் அமெரிக்காவில் இந்தப் பயிற்சி, பதிவுபெற்ற செவிலியருக்கு மட்டும் என்றானது. செவிலியப் பெண்களுக்கு அது தொழில்முறை மதிப்பைத் தந்தது. அதே விதி, நார்மாவைப் போல நோயாளியாக இருந்து ஆசிரியரானவர்களுக்குக் கதவை மூடியது. 1978இல் தொடங்கிய உலக அமைப்புக்கு அவரே முதல் தலைவர். அவருக்குப் பின் அந்த வழியில் வர இன்னொரு நோயாளிக்கு இடமில்லை.

செவிலியரின் பயிற்சியும் வேண்டும், பையோடு வாழ்ந்தவரின் சொல்லும் வேண்டும். அறுவை முடிந்து கண்ணாடி முன் நிற்கத் தயங்கும் ஒரு பெண்ணுக்கு, தன் சேலையைச் சற்று விலக்கி, "எனக்கும் இருக்கிறது, பார்" என்று சொல்லும் இன்னொரு பெண்ணே முதல் ஆசிரியர்.