வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு

அமெரிக்காவில் கேபிள் சேனல்களைத் தனித்தனியாகப் பொறுக்கி வாங்கும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கை 2004க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் உச்சத்தில் இருந்தது. மாதக் கட்டணம் குறையும் என்பது ஒரு காரணம். பிள்ளைகள் கண்ணில் படக் கூடாத நிகழ்ச்சிகளுக்குப் பெற்றோரே காசு கட்ட வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம் இன்னொரு காரணம். கட்டணப் பிரச்சினையாக மட்டும் இருந்திருந்தால் இது இவ்வளவு தூரம் போயிருக்காது.

சட்டத்தின் கோணல் ஒன்றிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. 1973இல் நியூயார்க்கின் வானொலி நிலையம் ஒன்று, ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவைக் கலைஞரின் கெட்டவார்த்தைகள் மலிந்த பேச்சைப் பகல் இரண்டு மணிக்கு ஒலிபரப்பியது. மகனுடன் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு தந்தை அதைக் கேட்டு, எஃப்.சி.சி. எனப்படும் தகவல்தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார். வந்தது அந்த ஒரு புகார்தான். 1978இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வானலை கேளாமலே வீட்டுக்குள் வருகிறது, படிக்கத் தெரியாத குழந்தைக்கும் எட்டிவிடுகிறது என்பது நீதிபதிகள் சொன்ன நியாயம்.

கேபிளுக்கு இந்த நியாயம் செல்லவில்லை. காசு கட்டி வரவழைத்ததை வேண்டாமென்றால் துண்டித்துவிடலாம் என்று நீதிமன்றங்கள் கருதின. கேபிளில் ஆபாசத்தைத் தடுக்க மயாமி நகரம் போட்ட விதி செல்லாது என்ற தீர்ப்பு 1985இல் மேல்முறையீட்டில் உறுதியானது. 2000ஆம் ஆண்டின் பிளேபாய் சேனல் வழக்கில், வேண்டாம் என்று சொல்லும் வீட்டில் மட்டும் அந்தச் சேனலை நிறுத்தினால் போதும் என்றது உச்ச நீதிமன்றம்.

சொல்லப்போனால் எச்.பி.ஓ. போன்ற சேனல்கள் பெற்றோருக்குப் பெரிய தொல்லையே இல்லை. அவை தொடக்கம் முதலே தனிக் கட்டணத்தில் விற்கப்பட்டவை; வாங்காமல் இருந்தால் முடிந்தது. தொல்லை, பல சேனல்களைக் கட்டாக விற்கும் சாதாரணப் பேக்கேஜுக்குள் இருந்தது. 1992ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், தங்கள் ஒளிபரப்பைக் கேபிளில் எடுத்துச் செல்ல அனுமதி தருவதற்கு விலை கேட்கும் உரிமையை உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்களுக்குத் தந்தது. கேபிள் நிறுவனங்கள் ரொக்கம் தர மறுத்தன. பதிலாக, நிலையங்களின் உரிமையாளர்கள் தொடங்கும் புதிய சேனல்களுக்குப் பேக்கேஜில் இடம் கொடுத்தன. ஃபாக்ஸ் நிறுவனத்தின் எஃப்.எக்ஸ். சேனல் 1994இல் பிறந்தது இப்படித்தான். அதே எஃப்.எக்ஸ்.தான் பின்னாளில் ‘தி ஷீல்டு’, ‘நிப்/டக்’ தொடர்களால் பெற்றோர் அமைப்புகளின் வசவுக்கு இலக்கானது. கார்ட்டூன் சேனல் வேண்டுமென்றால் இதையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது.

இந்தச் சூழலில், 2004 பிப்ரவரி 1 அன்று அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் இடைவேளைக் கலைநிகழ்ச்சியில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு விநாடிக்கும் குறைவாகத் தெரிந்தது. ஆணையத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. அதை ஒளிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விதித்த 5,50,000 டாலர் அபராதம் பிறகு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 2006இல் அபராத வரம்பைப் பத்து மடங்காக்கி 3,25,000 டாலர் என்று உயர்த்தியது. அந்தச் சட்டமும் வானலையோடு நின்றுவிட்டது.

கேபிளை நேரடியாகத் தொட முடியாத நிலையில், தனித்தனி விற்பனை பக்கவாசலாகத் தெரிந்தது. அரசு எதையும் தணிக்கை செய்ய வேண்டாம், வீடே தீர்மானிக்கட்டும் என்பது வாதம். மைக்கேல் பவல் தலைமையில் ஆணையம் 2004 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, இதனால் பெரும்பாலான வீடுகளின் செலவு கூடும் என்றது. அடுத்த தலைவர் கெவின் மார்ட்டின் மறு ஆண்டு நவம்பரில் செனட் கூட்டத்தில் அதை மறுத்தார். 2006 பிப்ரவரியில் அதே ஆணையத்தின் புதிய அறிக்கை, பழைய கணக்கில் பிழை இருந்தது, கட்டணம் 13 சதவீதம் வரை குறையக்கூடும் என்றது. பதினைந்து மாதத்தில் தலைகீழ்.

எதிர்ப்பு வந்த திசைதான் வேடிக்கை. பேரன்ட்ஸ் டெலிவிஷன் கவுன்சில் என்ற பெற்றோர் அமைப்பு தனித்தனி விற்பனையைக் கேட்க, பாட் ராபர்ட்சன், ஜெரி ஃபால்வெல் போன்ற தொலைக்காட்சிப் போதகர்கள் வேண்டாமென்றார்கள். ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போகிறவர் தற்செயலாகப் பிரசங்கத்தில் நின்றுவிடுவதை நம்பியே அவர்களுடைய ஊழியம் நடந்தது. ஏற்கெனவே விசுவாசியான ஒருவர்தான் அந்தச் சேனலைக் காசு கொடுத்து வாங்குவார். சிறுபான்மையினருக்கான சேனல்களும் இதே பயத்தில் இருந்தன. எல்லா வீடுகளிலும் சில சென்ட் வசூலித்துப் பிழைக்கும் சேனல், விரும்புகிறவர்களிடம் மட்டும் வசூலித்தால் விலையைப் பல மடங்கு ஏற்ற வேண்டும்.

நெருக்கடியைத் தணிக்க 2005 டிசம்பரில் டைம் வார்னர், காம்காஸ்ட் நிறுவனங்கள் குடும்பப் பேக்கேஜ்களை அறிவித்தன. டைம் வார்னர் அடிப்படைச் சேவைக்கு மேல் 12.99 டாலருக்கு 15 சேனல் கொடுத்தது. இரண்டிலும் ஈ.எஸ்.பி.என். இல்லை. விளையாட்டுச் சேனல் இல்லாத பேக்கேஜை எந்த அப்பா வாங்குவார்? வேண்டுமென்றே தோற்கும்படி செய்திருக்கிறார்கள் என்றார்கள் பெற்றோர் அமைப்பினர். அந்தச் சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது.

செனட்டர் ஜான் மெக்கெய்ன் 2006இல் கொண்டுவந்த திருத்தம் குழுவிலேயே தோற்றது. 2013இல் அவர் தாக்கல் செய்த மசோதாவும் சட்டமாகவில்லை. பக்கத்து நாடான கனடாவில், 2016 முதல் சேனல்களைத் தனித்தனியாகவும் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் எச்.பி.ஓ. 2015 ஏப்ரலில் கேபிள் இல்லாமலே இணையத்தில் விற்பனைக்கு வந்தது. கேபிளிலிருந்து முதலில் வெளியே வந்தவற்றில் ஒன்று, பெற்றோர் யாரும் வெளியேற்றக் கேட்காத அந்தச் சேனல்தான்.