34 அடிக் கணக்கு

போன வாரம் ஒரு காலை, மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இல்லை. "ஏங்க, மோட்டார் சும்மா கத்துது, போய்ப் பாருங்க" என்றாள் மனைவி. ஃபுட்வால்வில் ஏதோ குப்பை சிக்கி, குழாயில் நிற்க வேண்டிய தண்ணீரெல்லாம் சம்புக்கே இறங்கியிருந்தது. குழாயை நாலு ஆட்டு ஆட்டி, பிரைமிங் மூடியைத் திறந்து இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி மூடினேன். ஏறிவிட்டது. நாற்பது வருடமாகச் செய்கிற வேலை. ஆனால் அன்று ஏனோ, இந்த மோட்டார் எங்கெங்கே இருந்து எங்கெங்கே போனது என்று யோசித்துப் பார்த்தேன். நம் பகுதியின் கதையே அதற்குள் இருக்கிறது.

1986ல் முடிச்சூர் பக்கம் ஒரு கிரவுண்டு வாங்கினேன். ஆபீசில் வீட்டுக்கடன் கிடைத்த தைரியம். அப்போது அங்கே வயலும் ஏரியும்தான். மழைக்காலத்தில் தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது. முதலில் செய்த வேலை கிணறு. சிமெண்ட் உறை 20 இறக்கினோம். 12 அடியில் தண்ணீர் நின்றது. ராட்டினமும் கயிறும் போதும். அண்டை வீட்டுக்காரர்களும் எங்கள் கிணற்றில்தான் வீடு கட்டத் தண்ணீர் எடுத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அரை ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார் ஒன்று வாங்கினேன். கோயம்புத்தூர் சரக்கு. அந்தக் காலத்தில் யார் வீட்டு மோட்டாரைப் பார்த்தாலும் பெயர்ப்பலகையில் கோயம்புத்தூர் என்றுதான் இருக்கும். அதற்கும் காரணம் உண்டு. 1932ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. பஞ்சாலைகளுக்கும், ஆழமான கிணறு வைத்திருந்த கொங்கு விவசாயிகளுக்கும் மின்சாரம் போனது. ஆலை எந்திரங்களைப் பழுது பார்த்த பட்டறைகளே மோட்டார் செய்யப் பழகின. 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். விவசாயக் கிணற்றுக்காக வளர்ந்த அந்தத் தொழில்தான், பிறகு நம் புறநகர் வீடுகளுக்குச் சின்ன மோட்டாராக வந்து சேர்ந்தது.

அந்த மோட்டாருக்குள் இருக்கிற விசை இன்னும் பழையது. சக்கரம் வேகமாகச் சுற்றி, தண்ணீரை வெளிப்பக்கம் வீசித் தள்ளுகிற பம்ப்பை 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்து காட்டியவர் தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர். நம் வீட்டுப் பிரஷர் குக்கருக்கும் அதன் வெயிட் வால்வுக்கும் மூதாதையான பாத்திரத்தைச் செய்தவரும் அவரே. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பௌதிக வாத்தியார் பாப்பேனைப் பற்றிச் சொல்லும்போது, "அடுப்படியிலும் கிணற்றடியிலும் அவர்தான்டா இருக்கார்" என்பார். அப்போது எங்கள் வீட்டில் இரண்டுமே இல்லை. இருந்தது மண்சட்டியும் கயிறும்.

அவர் நடத்திய இன்னொரு பாடம்தான் எனக்கு நாற்பது வருடம் சோறு போடாவிட்டாலும் தண்ணீர் ஊற்றியது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பம்ப் செய்பவர்களுக்கு ஒரு சங்கடம். மேலே இருந்து உறிஞ்சினால் சுமார் 34 அடிக்கு மேல் தண்ணீர் ஏற மறுத்தது. இயற்கைக்கு வெற்றிடம் என்றால் பயம், அதனால்தான் தண்ணீர் ஓடிவந்து நிரப்புகிறது என்று அதுவரை சொல்லி வந்தார்கள். 34 அடிக்கு மேல் மட்டும் இயற்கைக்கு எப்படிப் பயம் விட்டுப்போகும்? டோரிசெல்லி பாதரசத்தை வைத்துப் பார்த்தார். அது 76 சென்டிமீட்டரில் நின்றது. பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பாருங்கள், 10.3 மீட்டர் வரும். அதே 34 அடி. 1648 செப்டம்பர் 19 அன்று பாஸ்கால் தன் சகோதரியின் கணவரைப் பியூய் தெ தோம் என்ற மலைமேல் பாதரசக் குழாயோடு ஏறச் சொன்னார். உச்சியில் பாதரசம் இறங்கி நின்றது. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை, மேலே இருக்கிற காற்றின் எடைதான் தண்ணீரை அழுத்தி ஏற்றுகிறது என்று தெளிவானது.

ஏட்டுக் கணக்கு 34 அடி. குழாய் உராய்வு, காற்றுக் கசிவு எல்லாம் போக, நடைமுறையில் 25 அடி ஏறினால் பெரிது. இந்த ஒரு கணக்குதான் நம் ஊர் மோட்டார்களை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கியது.

1990களில் வீடுகள் பெருகின. வயல் மனையானது, கிணற்றில் தண்ணீர் 20 அடி, 25 அடி என்று இறங்கியது. மேலே இருந்த மோட்டார் உறிஞ்ச முடியாமல் கத்தியது. பலரும் என்னைப்போலக் கிணற்றை இன்னும் தோண்டி, உள்ளே குறுக்காக இரும்புச் சட்டம் போட்டு, மோட்டாரை அதன்மேல் இறக்கினார்கள். பழைய தாம்பரவாசிகளுக்கு அடுத்தது நினைவிருக்கும். ஐப்பசி பிறந்தால் ராத்திரியில் மழை பெய்து கிணறு ஊறி மேலே வரும், மோட்டார் முழுகிவிடும். டார்ச் அடித்துக்கொண்டு, பனியனோடு நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி மோட்டாரை இழுத்ததெல்லாம் உண்டு. வெயில்காலத்தில் தண்ணீர் இறங்கியது என்று இறக்குவோம், மழைக்காலத்தில் ஏறியது என்று ஏற்றுவோம்.

பிறகு போர் வந்தது. போட்ட குழாய்க்குள் மோட்டார் நுழையாது. அதனால் ஜெட் பம்ப். மேலே எடுத்த தண்ணீரில் ஒரு பகுதியை இன்னொரு குழாய் வழியாகக் கீழே அனுப்பி, குறுகிய துளை வழியாகப் பாயவைத்து, அந்த வேகத்தில் புதுத் தண்ணீரையும் சேர்த்துத் தள்ளும் உபாயம் அது. சிலர் காற்றை உள்ளே அனுப்பும் கம்ப்ரஸர் வைத்தார்கள். கடைசியில் சப்மெர்சிபிள். மோட்டாரே ஒல்லியாகி, தண்ணீருக்கு அடியிலேயே போய் உட்கார்ந்தது. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறுகளுக்காக அருதியுனோஃப் என்ற பொறியாளர் பரவலாக்கிய யோசனை அது. அடியிலிருந்து தள்ளும்போது பாஸ்காலின் 34 அடி குறுக்கே வராது. 200 அடி, 300 அடி என்று போகலாம். போனோம். கிணறு வறண்டது. எங்கள் 20 உறைக் கிணறு இப்போது மழைநீர் இறக்குகிற தொட்டி. 2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மாடிக் குழாயை அதில் திருப்பிவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் சம்ப் வந்தது. தெருக்குழாயில் வரும் தண்ணீருக்கு அழுத்தம் கிடையாது, தினமும் வருவதும் கிடையாது. தரைமட்டத்துக்குக் கீழே தொட்டி கட்டினால்தான் அதில் தானாக விழும். லாரித் தண்ணீர் வாங்கினாலும் கொட்ட இடம் வேண்டும். எங்கள் வீட்டு சம்ப் 8 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம். கிட்டத்தட்ட 5,600 லிட்டர் பிடிக்கும். போர் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்த பிறகு, சமையலுக்கு அந்தக் குழிதான் உயிர்.

2013 ஏப்ரலில் மகன் வீட்டுக்கு மோன்ரியால் போனேன். அங்கே பிரெஞ்சு பேசுகிறார்கள் என்பதே எனக்கு ஒரு சந்தோஷம். ஒருநாள் அவன் நிலவறைக்கு அழைத்துப் போய், மூலையில் ஒரு மூடியைத் திறந்து, "அப்பா, இது எங்க வீட்டு சம்ப்" என்றான். எட்டிப் பார்த்தேன். ஒரு வாளி கொள்ளும் குழி, அதற்குள் சின்ன மோட்டார், மிதவை. நான் கேட்டேன், "இவ்வளவு தண்ணி எப்படிப்பா போதும்?" அவன் சிரித்தான். அங்கே சம்ப் தண்ணீரைச் சேர்க்க அல்ல, விரட்ட. பனி உருகும்போது மண் ஊறி, நிலவறைச் சுவரை நெருக்குகிறது. சுவரைச் சுற்றிப் புதைத்த குழாய்கள் அந்தத் தண்ணீரை இந்தக் குழிக்குக் கொண்டுவரும். மிதவை எழும்பினால் மோட்டார் தானே ஓடி வெளியே தள்ளும். பிரெஞ்சில் அந்தக் குழிக்குப் பெயர் புய்ஸார். கிணறு என்னும் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலீஷில் சம்ப் என்பதன் பழைய பொருள் சதுப்பு நிலம்.

வருஷாவருஷம் பனி உருகுமுன் ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றி, மிதவை எழும்புகிறதா என்று பார்ப்பானாம். வெளியே போகும் குழாய் சரிவாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கினால் உறைந்து அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு பேட்டரியும் இருந்தது. 1998 ஜனவரியில் அந்தப் பகுதியில் பனிக்கட்டி மழை பெய்து மின்கோபுரங்களே சாய்ந்து, லட்சக்கணக்கான வீடுகளில் நாள்கணக்காக மின்சாரம் இல்லை. மின்சாரம் நின்றால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் நிலவறை முழுகும். "தண்ணி ரொம்ப வர்ற அன்னிக்குத்தான்பா கரண்ட்டும் போகும்" என்றான். எனக்கு அது அப்போது வேடிக்கைப் பேச்சாகப் பட்டது.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏற்கெனவே நவம்பர் நடுவில் ஒருமுறை முழுகி எழுந்திருந்தோம். ஆதனூர் ஏரிப் பக்கமிருந்து வரும் அடையாறு எங்கள் பகுதியை ஒட்டித்தான் போகிறது. ராத்திரி வாசலில் முழங்கால், விடியும்போது கூடத்தில் இடுப்பு. மொட்டை மாடியில் இரண்டு நாள். கரண்ட் இல்லை. மகன் சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்தபின் நான் செய்த இரண்டு தப்புகளை எழுதுகிறேன். ஒன்று செய்தே விட்டேன், இன்னொன்றைச் செய்ய இருந்தேன்.

கரண்ட் வந்த அன்றே, சம்பிலிருந்த சாக்கடைத் தண்ணீரை வெளியே தள்ளலாம் என்று மோட்டாரைத் துடைத்து ஸ்விட்சைப் போட்டேன். ஒரு உறுமல், புகை, வார்னிஷ் கருகிய நாற்றம். காயில் போய்விட்டது. காயில் கட்டும் பாய் கடைக்குத் தூக்கிப் போனால், வாசலில் மோட்டார்கள் ரேஷன் க்யூவைப்போல வரிசையாக நின்றன. "நனைஞ்சது பிரச்னை இல்ல சார். நனைஞ்சதைப் போட்டீங்களே, அதான் பிரச்னை" என்றார் பாய். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, பிரித்துக் காயவைத்து, மெக்கர் வைத்துப் பார்த்துவிட்டு, பேரிங்கையும் கெப்பாசிட்டரையும் மாற்றியிருந்தால் சிறு செலவோடு போயிருக்கும். மூன்று வாரம் லாரித் தண்ணீர், வாளியில் மொண்டு.

இரண்டாவது. சம்பைக் கழுவ நானே ஏணி வைத்து இறங்கப் போனேன். மோட்டாரை எடுத்துப்போக வந்திருந்த பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் சார். பத்து நாளா மூடிக்கிடக்குற குழி. உள்ள காத்து இருக்காது." ஒவ்வொரு வருஷமும் நம் ஊர்களில் இப்படித்தான் ஒருவர் இறங்கி மயங்குகிறார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி அவரும் திரும்புவதில்லை. விளக்கை இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கமும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. விளக்கு எரிந்தாலும் விஷவாயு இருக்கலாம். மேலும் சொன்னார்: "உடனே காலி பண்ணவும் வேணாம். சுத்தி மண்ணெல்லாம் ஊறிக்கிடக்கு. தொட்டி காலியாச்சுன்னா வெளித்தண்ணி நெருக்கி, தரை வெடிச்சிரும்." மோன்ரியால் நிலவறைச் சுவரை நெருக்குகிற அதே தண்ணீர். தெருவில் அவசரப்பட்ட ஒருவர் வீட்டு சம்பில் அடித்தளம் விரிந்ததை அந்த மாதமே பார்த்தேன்.

நாலே வருடம் கழித்து, 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. அந்த வெயிலில் எங்கள் சம்ப் அடி தெரியக் கிடந்தது. இரண்டு பேரை வைத்து, மூடியை முந்தின நாளே திறந்துபோட்டு, ஒருவர் மேலேயே நிற்க, சுவரில் இருந்த 2015 வெள்ளக் கறையைத் தேய்த்துக் கழுவினோம்.

சதுப்பு என்ற பெயருள்ள குழியை, சதுப்பாக இருந்த இடத்தில் கட்டிக்கொண்டு, ஒரு வருஷம் தண்ணீர் வேண்டாம் என்றும் ஒரு வருஷம் வேண்டும் என்றும் நிற்கிறோம். நான் இப்போது இரண்டுக்கும் தயாராக இருக்கப் பார்க்கிறேன். மோட்டாரை வெள்ளக் கறைக்கு மேலே, சுவரில் சட்டம் அடித்து ஏற்றிவிட்டேன். அது உறிஞ்ச வேண்டிய உயரம் இப்போது 13 அடி. கணக்குப் பார்த்துத்தான் ஏற்றினேன், 25க்குள் இருக்கிறது. சம்ப் மூடியைச் சுற்றி ஒன்றரை அடி மேடை கட்டினேன். மோட்டார் ஸ்விட்சு இப்போது என் தோள் உயரத்தில்.

ஏப்ரலில் மகன் போன் செய்து, "வாளித் தண்ணி ஊத்திப் பாத்துட்டேன்பா" என்பான். புரட்டாசிக் கடைசியில் நான் அவனுக்குப் போன் செய்து, ஃபுட்வால்வைக் கழற்றிக் கழுவிவிட்டேன் என்பேன். நீங்களும் ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் உங்கள் சம்ப் மூடியைத் திறந்து பாருங்கள். பார்த்தால் போதும், இறங்க வேண்டாம்.