செங்கல் தூள் தாங்கிய அணை

சிம்மக்கல்லிலிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் வைகைக் கரை வந்துவிடும். வைகையில் வரும் நீரெல்லாம் வருசநாட்டு மலையில் பெய்த மழை என்று எண்ணிவிடாதீர்கள். அதில் ஒரு பங்கு, அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய பெரியாற்று நீர். அதை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார்கள். பொறியாளர் பென்னிகுக் தலைமையில் 1887-இல் தொடங்கிய இவ்வேலை 1895-இல் பயனுக்கு வந்தது. காட்டுக் காய்ச்சலுக்குப் பலியான தொழிலாளர் பலர்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நீரில் 10 மீட்டர் ஆழம் இறங்கினால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் எடையளவு அழுத்தம் கூடும். 40 மீட்டர் ஆழத்தில் அது 4 கிலோகிராம். அதாவது, சதுர மீட்டருக்கு 40 டன்! பெரியாற்று அணை தன் எடையாலேயே இந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. ஆனால் கற்களை ஒன்றாகப் பிணைக்கும் காரை கரைந்துபோனால் எடை இருந்து என்ன பயன்?

சிமெண்டு அக்காலத்தில் கப்பலில் வரவேண்டிய பொருள். நம்மிடம் சுண்ணாம்பு இருந்தது. ஆனால் வெறும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் மெல்ல இறுகும். பல மீட்டர் கனமுள்ள அணையின் நடுவே காற்றுக்கு எங்கே போவது?

இதற்கு விடை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியருக்குத் தெரியும். பொசுவோலி ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்தால், காரை நீருக்கடியிலும் இறுகியது. சாம்பல் கிடைக்காத இடங்களில் சுட்ட ஓட்டையும் செங்கல்லையும் இடித்துச் சேர்த்தனர். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இம்முறையை எழுதி வைத்துள்ளார். அவர்களுடைய கால்வாய்களுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் இக்காரையே உட்பூச்சு. அவர்கள் ஸ்பெயினில் மெரிதா நகரருகே கட்டிய ப்ரொசெர்பினா அணை இன்றும் நீரைத் தேக்கி நிற்கிறது.

இதன் ரகசியம் என்ன? சுட்ட களிமண்ணிலுள்ள சிலிகாவும் அலுமினாவும் நீரின் துணையோடு சுண்ணாம்புடன் கூடி, நீரில் கரையாத புதிய சேர்மங்களாகின்றன. இதற்குக் காற்று தேவையில்லை.

பெரியாற்று அணையைக் கட்டியவர்களும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையையே நம்பினார்கள். சுர்க்கி என்பது வேறொன்றுமில்லை, சுட்ட செங்கல்லின் தூள்தான். 1979-க்குப் பின் கான்கிரீட்டாலும் எஃகு வடங்களாலும் அணையை வலுப்படுத்தினார்கள். எனினும் அதற்கு முன் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அதைத் தாங்கியது அந்தக் காரையே.

உங்கள் தெருவில் பழைய வீடு இருந்தால் மொட்டை மாடித் தளத்தைப் பாருங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் அடித்து இறுக்கிய தளமாக இருக்கலாம். ரோமானியர் கண்ட உண்மையை நம் கொத்தனார்களும் கையறிவால் அறிந்திருந்தார்கள்.